கிர்ஷ்னரின் மலைகள்: கிரேயானும் மையும் – கேள்வி பதில்

ஜெர்மன் ஓவியர் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் (1880–1938) கிரேயானிலும் மையிலும் வரைந்த நிலக்காட்சிகளைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளும் இப்படித்தான் கிறுக்குகிறாள். இதில் என்ன பெரிய கலை?

பதில்: உங்கள் மகளின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலை என்றால் நடுவில் சூரியன், வீடு என்றால் கதவு, ஜன்னல் என்று தெரிந்ததையெல்லாம் குழந்தை போட்டுவிடும். கிர்ஷ்னர் போடாமல் விட்டவைதான் அதிகம். நாலைந்து சாய்ந்த கோடுகளில் ஒரு ஊசியிலைக் காடு முடிந்துவிடும். வரையத் தெரியாதவர் அல்ல. டிரெஸ்டனில் கட்டடக்கலை படித்தவர், ஸ்கேல் வைத்துத் துல்லியமாகப் போடத் தெரிந்தவர். 1905இல் மூன்று சக மாணவர்களோடு ‘பாலம்’ என்று பொருள்படும் ‘ப்ரூக்கே’ குழுவைத் தொடங்கினார். அங்கே மாடல்கள் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றிக்கொள்வார்கள். அதற்குள் கண்ணுக்குப் பட்டதைப் பிடித்தாக வேண்டும். கற்ற துல்லியத்தை உதறுவதற்கு அவர்கள் எடுத்த பயிற்சி அது.

கேள்வி: கிரேயான் என்று போட்டிருக்கிறதே, நாம் பள்ளியில் தேய்த்த மெழுகுக் குச்சியா?

பதில்: அதுவாகவும் இருக்கலாம், கரிய சாக்பீஸ் போன்ற குச்சியாகவும் இருக்கலாம். பிரெஞ்சில் ‘க்ரேயோன்’ என்றால் பென்சிலும்தான். பட்டியலில் உள்ள சொல்லை நம்பாமல் கோட்டைப் பாருங்கள். மெழுகென்றால் லேசான பளபளப்பு இருக்கும்; சாக்பீஸ் என்றால் மாவு மாவாக இருக்கும்.

கேள்வி: முதலில் மையா, கிரேயானா? நானும் முயன்றேன், மை திட்டுத் திட்டாக நின்றுவிட்டது.

பதில்: மெழுகின் மேல் மை போட்டிருப்பீர்கள். மெழுகு தண்ணீரை ஒட்டவிடாது. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஓடுவது போல மை உருண்டு விலகும். அடுத்த முறை மையை முதலில் போட்டு, நன்றாகக் காய்ந்தபின் கிரேயானைப் படுக்க வைத்துத் தேய்த்துப் பாருங்கள். தாளின் மேட்டில் மட்டும் நிறம் பிடிக்கும், பள்ளத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கும், கீழே மைக்கோடு அப்படியே நிற்கும். ஆனால் அந்தத் திட்டுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாறைச் சரிவுக்கு அதைவிடப் பொருத்தமான கோடு எனக்குத் தெரியாது. பழைய படத்தில் எது முதலில் வந்தது என்று அறியவும் இதே வழிதான்: இரண்டும் வெட்டும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மைக்கோடு அறுந்திருந்தால் மெழுகு முதலில் வந்தது.

கேள்வி: அவர் மனநலம் பாதிக்கப்பட்டவராமே. அந்த வெட்டு வெட்டான கோடுகள் அதனால்தானா?

பதில்: கோட்டை ஈ.சி.ஜி. போலப் படிக்காதீர்கள். 1915இல் ராணுவப் பயிற்சியின்போது அவர் உடைந்துபோனதும், 1917இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸுக்கு வந்து, அந்தக் கோடையை மேலே ஸ்டாஃபெலால்ப் மேய்ச்சல் நிலத்தில் கழித்ததும் உண்மை. ஆனால் அதே கூர்மையான கோடுகள் போருக்கு முன்பே பெர்லின் தெருக்காட்சிகளில் வந்துவிட்டன. மலையில் குடியேறிச் சில வருடங்களானதும் கோடு அமைதியாகிறது. எனக்கென்னவோ அந்த அமைதியைவிட முதல் வருடங்களின் படபடப்புத்தான் பிடிக்கும்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் கிர்ஷ்னர் கோட்டோவியம் விற்கிறார். கையெழுத்தும் வருடமும் இருக்கின்றன. வாங்கலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். முதலில், அவர் கைப்பட எழுதிய வருடமே சாட்சி ஆகாது. தன் படைப்புகளுக்கு முந்தைய வருடங்களைப் போடும் பழக்கம் அவருக்கு இருந்தது. தன் ஓவியங்களைப் பாராட்டி, இல்லாத ஒரு பிரெஞ்சு விமர்சகரின் பெயரில் தானே கட்டுரை எழுதியவர்! அப்புறம், தாளின் பின்புறம் பாருங்கள். அவர் இறந்தபின் அவரிடம் எஞ்சியிருந்த படங்களில் வாரிசுடைமை முத்திரை குத்தினார்கள். முத்திரையையும் போலியாகச் செய்யலாம் என்பதால் அதுவும் போதாது. 1937இல் நாஜி அரசு ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய 600க்கும் மேற்பட்ட படைப்புகளை அகற்றியது. ஆகவே 1930களில் படம் யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அச்சுப் பிரதிதான் வைத்திருக்கிறேன். ஜன்னலுக்கு எதிரே மாட்டலாமா?

பதில்: பிரதிதானே, மாட்டுங்கள். வெளுத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.