ஏஎம்சி பணம் வாங்கினப்ப பழசு இல்ல, ரிப்பேர்னு வந்ததும் பழசா?

கேள்வி: வணக்கம் மேடம். சென்னை கொட்டிவாக்கத்துல இருக்கேன். 2018ல வாங்கின ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. வாரண்டி முடிஞ்சதுல இருந்து வருஷாவருஷம் கம்பெனி சர்வீஸ் சென்டர்லயே காம்ப்ரிஹென்சிவ் ஏஎம்சி (பார்ட்டும் சேர்த்து கவர் ஆகற வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டுட்டு வரேன், இந்த தடவை 7,000 ரூபாய். ரெண்டு மாசமா கூலிங் இல்ல. மூணு தடவை வந்து கேஸ் அடிச்சுட்டுப் போனாங்க, பத்து நாள்ல மறுபடியும் வெறும் காத்துதான். இப்ப இன்டோர் காயில் (உள் யூனிட்டுல கேஸ் ஓடற குழாய்ச் சுருள்) அரிச்சுப் போச்சு, கரோஷன் ஏஎம்சில வராது, மெஷினும் பழசு, எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கோங்கன்னு சொல்றாங்க. அடுத்த மாசம் ஏஎம்சி முடியுது, ரின்யூ பண்ணச் சொல்லியும் போன் வருது. அப்பா படுத்த படுக்கையா இருக்கார். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா? புது ஏசியே கேட்கலாமா?

பதில்: வணக்கம் சார். பழசுன்னு அவங்க சொல்றத அப்படியே ஒதுக்கி வெச்சுடுங்க. அது 2018 மெஷின்னு தெரிஞ்சேதான் இந்த வருஷமும் பணம் வாங்கிருக்காங்க, பழைய மெஷின்ல ரிப்பேர் வரும்னுதானே ஏஎம்சியே விக்கறாங்க. பணம் வாங்கிட்டு ஒத்துக்கிட்ட வேலைய செய்யாம விட்டா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(11) பிரிவுப்படி அது சேவைக் குறைபாடு.

கரோஷன் விஷயம் கொஞ்சம் கஷ்டமானது, அதனால ஏஎம்சி பேப்பர எடுத்து பொடி எழுத்து வரைக்கும் படிங்க. காம்ப்ரிஹென்சிவ்னு போட்டுட்டு கீழ காயில் தவிரன்னு எழுதற ஆளுங்க இருக்காங்க, கேஸ், காயில், பிசிபி (எலக்ட்ரானிக் போர்டு) எல்லாமே கவர்னு தெளிவா எழுதறவங்களும் இருக்காங்க. அப்படி ஒரு விலக்கு இருந்தாலும், பணம் வாங்கறப்ப அந்த கண்டிஷன் பக்கத்த உங்ககிட்ட குடுத்தாங்களா, இல்ல வெறும் ரசீதோட அனுப்பிட்டாங்களா? சொல்லாத விலக்க வெச்சு கிளைம மறுக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் 2000ல மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் வழக்குல சொல்லியிருக்கு. அது இன்சூரன்ஸ் வழக்கு, ஆனா அதே நியாயத்த இங்கயும் வாதாடலாம். கடலுக்குப் பக்கத்து ஏரியா, உப்புக் காத்து, இதெல்லாம் அட்ரஸ் பார்த்தாலே தெரியுமே, தெரிஞ்சும் வருஷாவருஷம் பணம் வாங்கினீங்களேன்னும் கேட்கலாம்.

ஆனா உங்க வழக்கோட உயிர் எங்க இருக்குன்னா அந்த மூணு தடவை கேஸ் அடிச்சதுலதான். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற சமாச்சாரம் இல்ல, அது மூடின குழாய்க்குள்ளயே சுத்திட்டு இருக்கறது, குறையுதுன்னா எங்கயோ லீக்னு அர்த்தம். முதல் தடவையே நைட்ரஜன் பிரஷர் ஏத்தி, சோப்புத் தண்ணி தடவி லீக்க கண்டுபிடிச்சிருக்கணும், அத செய்யாம டாப்அப் பண்ணி அனுப்பினாங்கன்னா ஏஎம்சி தேதி முடியற வரைக்கும் நாள கடத்தறாங்கன்னு யாருக்கும் புரியும். நீங்க கம்ப்ளைன்ட் குடுத்தது ஏஎம்சி இருக்கறப்ப, அதனால தேதி முடிஞ்சாலும் அந்த ரிப்பேர முடிச்சுக் குடுக்கற பொறுப்பு அவங்களோடதுதான்.

இதுக்கு ஆதாரம் ஜாப் ஷீட், அதாவது டெக்னீஷியன் செஞ்ச வேலைய எழுதற தாள். டெக்னீஷியன் வந்துட்டுப் போறப்ப எல்லாம் என்ன எழுதினார்னு பாருங்க, கேஸ் சார்ஜ் டன், கஸ்டமர் சாட்டிஸ்ஃபைட்னு எழுதி கையெழுத்து வாங்கிருப்பாங்க. இன்னொண்ணு இந்த ஓடிபி. வேலை முடிஞ்சுதோ இல்லியோ, கெளம்பறப்ப சார் ஒரு ஓடிபி வந்திருக்கும் சொல்லுங்கன்னு கேட்பாங்க, நீங்க சொன்ன அடுத்த நிமிஷம் சிஸ்டத்துல கம்ப்ளைன்ட் தீர்ந்துடுச்சுன்னு க்ளோஸ் ஆயிடும், நாளைக்கு நுகர்வோர் ஆணையத்துல, அதாவது கன்ஸ்யூமர் கோர்ட்னு நீங்க சொல்ற கமிஷன்ல, அந்த க்ளோஸ் ஆன லிஸ்ட்டதான் தாக்கல் பண்ணுவாங்க. இனிமே கூலிங் வந்து ரெண்டு நாள் பாக்காம ஓடிபி குடுக்காதீங்க. இதுவரைக்கும் குடுத்துட்டீங்கன்னா பரவால்ல, அடுத்த கம்ப்ளைன்ட் எத்தன நாள்ல போட்டீங்கங்கறதே முன்னாடி ரிப்பேர் சரியா நடக்கலன்னு காட்டிடும், அந்த எஸ்எம்எஸ் எதையும் அழிச்சுடாதீங்க.

இப்ப செய்ய வேண்டியது, கம்பெனிக்கும் சர்வீஸ் சென்டருக்கும் ஒரே மெயில், கூடவே ஸ்பீட் போஸ்ட். ஏஎம்சி நம்பர், கம்ப்ளைன்ட் நம்பர்கள், மூணு தடவை வந்த தேதி, காயில மாத்தித் தரணும், மறுத்தா எந்த கண்டிஷன்படி மறுக்கறீங்கன்னு எழுத்துல சொல்லணும், 15 நாள் டைம். போன்ல வாயால மறுக்கறவங்க எழுத்துல மறுக்கத் தயங்குவாங்க. அதோட 1915 நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்லயும் பதிவு பண்ணுங்க, கமிஷன் வரைக்கும் போகாமலே பல ஏசி தகராறு அங்க முடிஞ்சிடுது.

அப்பா நிலைமைல 15 நாள் காத்திருக்க முடியாதுன்னு எனக்குப் புரியுது. வெளிய ஆள வெச்சு மாத்தலாம், ஆனா நோட்டீஸ் போன பிறகு, இத்தனாம் தேதிக்குள்ள நீங்க வரலன்னா நானே மாத்திட்டு செலவ உங்ககிட்ட கேட்பேன்னு அதுலயே எழுதிட்டு மாத்துங்க. சும்மா தொறந்தா வெளியாள் கை வெச்சுட்டான்னு தப்பிச்சுக்குவாங்க. கழட்டறதுக்கு முன்னாடி லீக் ஆகற இடத்த வீடியோ எடுங்க, ஜிஎஸ்டி பில் வாங்குங்க, மெக்கானிக்கிட்ட என்ன கோளாறுன்னு ரெண்டு வரி எழுதி வாங்குங்க, பழைய காயில மட்டும் தயவுசெஞ்சு காப்பர் விலைக்குப் போட்டுடாதீங்க. தேவைப்பட்டா அதத்தான் கமிஷன் லேபுக்கு அனுப்பும். எக்ஸ்சேஞ்சுக்கு ஒத்துக்கிட்டாலும் இதே சிக்கல்தான், மெஷினும் போயிடும் ஆதாரமும் போயிடும்.

அப்புறமும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார். நீங்க குடியிருக்கற இடத்துலயே போடலாம், அதே சட்டத்தோட 34வது பிரிவு அதுக்கு வழி குடுக்குது. இ-ஜாக்ரிதிங்கற அரசு நுகர்வோர் போர்ட்டல்ல வீட்ல இருந்தே தாக்கல் பண்ணலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல. கம்பெனி, சர்வீஸ் சென்டர் ரெண்டு பேரையும் எதிர்தரப்பா சேருங்க, இல்லன்னா ஒருத்தர் மேல ஒருத்தர் கைய காட்டுவாங்க. பிரச்சனை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். வழக்க முடிக்க சட்டத்துல மூணு மாசம், டெஸ்டிங் இருந்தா அஞ்சு மாசம்னு இருக்கு, நடைமுறைல அத விட இழுக்கும், அதுக்குத் தயாரா இருங்க. கண்டிஷனே நியாயமில்லாத ஒப்பந்தம்னு அத ரத்து பண்ணக் கேட்கணும்னா மாநில ஆணையத்துக்குத்தான் போகணும், உங்களுக்கு அவ்வளவு தூரம் தேவையில்ல, சேவைக் குறைபாடே போதும்.

புது ஏசி கேட்கலாமான்னா, வேண்டாம் சார். இத்தன வருஷம் ஓடின மெஷினுக்கு புதுசு தரச் சொல்லி ஆணையம் உத்தரவு போடறது ரொம்ப அபூர்வம், அத முக்கிய கோரிக்கையா வெச்சா உங்க நியாயமான கோரிக்கையும் பேராசையா தெரியும். காயில் இலவசமா மாத்தணும், இல்லன்னா நீங்க மாத்தின செலவு, ஏஎம்சி பணத்துல இந்த ரெண்டு மாசத்துக்கான பங்கு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு, இத கேளுங்க. அப்பாவோட மெடிக்கல் ரிப்போர்ட்ட இணைங்க, படுக்கைல கெடக்கற மனுஷனுக்கு கோடைல ரெண்டு மாசம் கூலிங் இல்லாம போனதோட வலி அதுல தெரியணும்.

கம்ப்ரஸருக்கு தனியா பத்து வருஷ வாரண்டி இருக்கான்னு பழைய கார்ட எடுத்துப் பாத்துடுங்க. கம்மி கேஸ்ல ஓடி ஓடி கம்ப்ரஸர் போனா அந்த கிளைம் வேற, அதுல பார்ட் மட்டும் ஃப்ரீயா குடுத்துட்டு கேஸுக்கும் லேபருக்கும் காசு கேட்பாங்க.

ரின்யூவல் போனுக்கு இப்ப பணம் கட்டாதீங்க. ரின்யூ பண்றப்ப மெஷின் கண்டிஷன்னு ஒரு ஃபார்ம நீட்டுவாங்க, அதுல காயில் ஏற்கனவே பழுதுன்னு எழுதி உங்க கையெழுத்த வாங்கிட்டா அடுத்த வருஷ ஏஎம்சியும் உங்களுக்கு உதவாது. காயில் மாறி ஏசி ஓடட்டும், அப்புறம் கண்டிஷன் பக்கத்த கையில வாங்கிப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.