ஓடைக்குப் போகும் வழியை அடைக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஓடை ஒருவருடைய தோட்டத்துக்குள் புகுந்து போகிறது. மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட, தலைமுறையாக அந்தத் தோட்டத்து வரப்பு வழியாகத்தான் போய்வருகிறோம். நிலத்தைப் புதிதாகக் கிரையம் வாங்கியவர் எட்டு மாதத்துக்கு முன் கம்பிவேலி போட்டுவிட்டார். "ஓடையும் என் பட்டாவில்தான் இருக்கிறது" என்கிறார். எங்களுக்கு உரிமை இல்லையா?

பதில்: எட்டு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பதற வைப்பது அதுதான். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் ஓடை. புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டு நகலும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு) வாங்கிப் பாருங்கள். தனி சர்வே எண்ணில் 'ஓடை புறம்போக்கு' என்று இருந்தால் அது அரசு நிலம். பட்டாப் பேச்சுக்கே இடமில்லை. தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம், 1905இன்படி வேலியை அகற்றக் கோரி தாசில்தாரிடம் மனு கொடுங்கள். ஓடை பட்டா எண்ணுக்குள்ளேயே ஓடினால் படுகை அவருடையதாக இருக்கலாம். அப்போதும், இயற்கையாக ஓடிவரும் தண்ணீரைக் கீழேயுள்ள நிலங்களுக்குப் போகவிடாமல் மறிக்க அவருக்கு உரிமை கிடையாது.

ஆனால் உங்கள் சிக்கல் ஓடையைவிட வரப்பில்தான் இருக்கிறது. ஓடை பொதுச்சொத்து என்பதாலேயே, அடுத்தவர் பட்டா நிலத்தில் நடக்கும் உரிமை வந்துவிடாது. வழிக்குத் தனி ஆதாரம் வேண்டும். அடுத்தவர் நிலத்தை வழி போன்ற தேவைக்குப் பயன்படுத்தும் உரிமையைச் சொல்லும் வசதியுரிமைச் சட்டம், 1882இன் 15ஆம் பிரிவுப்படி, நிலமோ வீடோ வைத்திருப்பவர் அதன் பயனுக்காக ஒரு வழியை 20 ஆண்டு தொடர்ச்சியாக, அமைதியாக, வெளிப்படையாக, அனுமதி கேட்டு அல்லாமல் தன் உரிமை என்ற முறையில் பயன்படுத்தியிருந்தால் அந்த வழி அவருக்கு உரிமையாகும். ஊர் மொத்தத்துக்கும் கேட்பதானால், 18ஆம் பிரிவிலுள்ள உள்ளூர் வழக்கத்தை நிரூபிக்க வேண்டும். மூத்தவர்களின் சாட்சியமும், 'மாமூல் நடைபாதை' (வழக்கமாக நடந்துவரும் பாதை) என்று குறிப்பிடும் பழைய பத்திரங்களும் இங்கே கைகொடுக்கும்.

இப்போது அந்த எட்டு மாதம். அடைப்பு தெரிந்த பிறகும் ஓராண்டு அதற்கு உடன்பட்டு இருந்துவிட்டால், 15ஆம் பிரிவின் கணக்கில் தொடர்ச்சி அறுந்துபோகும். உங்களுக்கு மிச்சம் நான்கே மாதம். ஆட்சேபணையை இந்த வாரமே வக்கீல் நோட்டீஸாக அனுப்புங்கள். பிறகு உரிமையியல் நீதிமன்றத்தில் வழியுரிமை விளம்புகைக்கும் (உரிமை உண்டு என்று நீதிமன்றம் அறிவிப்பது) தடையுத்தரவுக்கும் வழக்குப் போடுங்கள். தள்ளிப்போடாதீர்கள்: 20 ஆண்டுப் பயன்பாடு, வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும்.

கோபத்தில் யாரும் வேலியை வெட்டிவிட வேண்டாம். குற்ற வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். "நானே அனுமதி தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள்" என்று அவர் இறங்கிவந்தால் இன்னும் கவனம் தேவை. அனுமதியில் நடப்பவருக்கு வழியுரிமை பிறக்காது. பழைய உரிமையாளர் உங்களை வரப்பில் நடக்க அனுமதித்ததும் தயவினாலா, உரிமை என்று ஒப்புக்கொண்டா என்பதை நோட்டீஸுக்கு முன்பே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.