வாயில் கொடுக்கும் காலரா தடுப்பு மருந்து: ஒரு தவணையா, இரண்டா?

கேள்வி: டாக்டர், இரண்டு தவணை என்றுதான் நான் படித்தேன். 2022-இல் ஒன்று போதும் என்று ஏன் மாற்றினார்கள்?

போதும் என்று யாரும் சொல்லவில்லை, மருந்து பற்றவில்லை. அந்த ஆண்டு 29 நாடுகளில் காலரா. மூன்று ஆண்டுகளுக்கு மேல் நோயே இல்லாதிருந்த ஹைட்டியிலும் திரும்ப வந்தது. உலகம் முழுவதற்கும் அந்த ஆண்டு தயாராகும் என்று எதிர்பார்த்ததே சுமார் 3.6 கோடி தவணை. அதனால் அக்டோபரில், நோய் பரவும் இடங்களில் ஆளுக்கு ஒரு தவணை என்று முடிவானது.

நூறு தவணைதான் இருக்கிறது என்றால் ஐம்பது பேருக்கு இரண்டிரண்டாகக் கொடுக்கலாம், நூறு பேருக்கு ஒவ்வொன்றாகவும் கொடுக்கலாம். காலரா சில வாரங்களில் ஊரையே சுற்றிவிடும். அந்த நேரத்தில் நான் நூறு பேர் பக்கம்தான் நிற்பேன். ஜாம்பியாவின் லுசாகா நகரில் 2016-இல் சுமார் ஐந்து லட்சம் பேருக்கு ஒரே தவணை கொடுத்தார்கள். அங்கே நடந்த ஆய்வில் குறுகிய காலப் பாதுகாப்பு 89 சதவீதத்தை ஒட்டி இருந்தது. நாள் செல்லச் செல்ல அது குறையும். இரண்டு தவணை போட்டால் சுமார் மூன்று ஆண்டு தாங்கும்.

கேள்வி: நான் செவிலியர். சின்னப் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு தவணை வேலை செய்யுமா மேடம்?

இந்தக் கேள்விதான் என்னை உறுத்துகிறது. டாக்காவில் நடந்த ஆய்வில், ஐந்து வயதுக்குக் கீழே ஒரு தவணையால் போதிய பாதுகாப்பு கிடைக்கவில்லை. சிக்கனத்தின் சுமை குழந்தைகள் தலையில் விழுகிறது. அதை மறைக்காமல் தாய்மாரிடம் சொல்ல வேண்டும். மருந்து வரத்து கூடியதும் முதலில் அந்தப் பிள்ளைகளைத்தான் தேடிப் போக வேண்டும்.

கேள்வி: எந்த நாட்டுக்கு என்று யார் தீர்மானிக்கிறார்கள்? பணம் உள்ளவர்களா?

இல்லை. உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்பு ஆகிய நான்கும் சேர்ந்த குழு. 1997-இல் மூளைக்காய்ச்சல் தடுப்பூசிக்காகத் தொடங்கியது. நாடு விண்ணப்பித்தால் இரண்டு வேலை நாளில் பதில் சொல்வது அவர்கள் வழக்கம். நோய் எங்கே எவ்வளவு பரவுகிறது, அந்த மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள்.

கேள்வி: அளவைக் குறைத்துக் கொடுப்பது ஏழைகளை ஏமாற்றுவதுதானே?

ஆதாரம் இல்லாமல் குறைத்தால் ஏமாற்றுதான். 2016-இல் காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில், தட்டுப்பாடு வந்தபோது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை ஐந்தில் ஒரு பங்கு அளவில் போட்டார்கள். கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் மட்டும் முழு அளவு. பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்ததில், எதிர்ப்பு சக்தி இல்லாதிருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு அது உண்டாகியிருந்தது. என் கோபம் வேறு இடத்தில். உலகக் கையிருப்புக்குக் காலரா மருந்து கொடுத்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று 2023 முடிவோடு கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. உலகத்துக்கே கொடுக்கும் பொறுப்பு ஒரு கொரிய நிறுவனத்தின் மேல் விழுந்தது. ஏழைகளின் நோய் என்பதால்தானே இது நடக்கிறது?

கேள்வி: சரி, மருந்தே வராத ஊர் என்ன செய்யும்?

குளோரின் கலந்த தண்ணீர், அப்புறம் உப்பு-சர்க்கரைக் கரைசல். நிலைமை முற்றியவருக்கு உடனே சலைன். சிகிச்சை நேரத்துக்குக் கிடைத்தால் நூற்றில் ஒருவர்கூடச் சாக வேண்டியதில்லை.