பொருள் எண் 34ல என்ன இருக்கு? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நகராட்சி கூட்டத்துக்கு மினிட்ஸ் (கூட்டத்துல நடந்தத பதிவு பண்ற குறிப்பு) எழுதின அனுபவத்த போற போக்குல ஒரு பத்தி எழுதிட்டேன், அதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு சத்தியமா நினைக்கல. பட்டா, ரேஷன் கார்டு கேள்விங்கள அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டு இந்த தடவ ஃபுல்லா கவுன்சில் தான். புதுசா படிக்கிறவங்களுக்கு: நான் பாலாத்தங்கர ஊர் ஒண்ணுல நகராட்சி ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர்டு ஆனவன். எந்த ஊருன்னு கேக்காதீங்க, கூட வேல பாத்தவங்க சில பேரு இன்னும் சர்வீஸ்ல கீறாங்க.

கேள்வி: 60, 70 தீர்மானம் கால் மணி நேரத்துல நிறைவேறுச்சுன்னு பேப்பர்ல போடுறாங்களே, அதுக்குள்ள படிக்கவாச்சும் முடியுமா சார்? (ஆற்காடு வாசகர்)

பதில்: முடியாது, யாரும் அங்க உக்காந்து படிக்கிறதும் இல்ல. ஆனா அதுல ஒரு விஷயம் கீது. கூட்டத்துக்கு குறைஞ்சது மூணு நாள் முன்னாடியே அஜெண்டா ஒவ்வொரு கவுன்சிலர் வீட்டுக்கும் போயிடணும். எங்க ஆபீஸ் உதவியாளர் டிவிஎஸ் ஃபிப்டில அஜெண்டா கட்டும் கையெழுத்து நோட்டும் எடுத்துக்கினு கிளம்புவாரு, பாதி வீட்ல கவுன்சிலர் இருக்கமாட்டாங்க, பசங்க யாராச்சும் வாங்கி டிவி மேல வெச்சிடுவாங்க, அப்புறம் கூட்டத்து அன்னிக்கு காலைல தான் அத தேடுவாங்க. படிக்க வேண்டியது அந்த மூணு நாள்ல. கூட்டத்துல நடக்கிறது 'ஒண்ணுலேர்ந்து நாப்பது வரைக்கும் ஆட்சேபன உண்டா? இல்ல. ஆல் பாஸ்' அவ்ளோ தான்.

அஜெண்டாவுல ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பொருள்னு பேரு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் இருக்கும். எல்லா பொருளும் ஒரே ரகம் கிடையாது, கடைசி வரிய பாத்தா தான் தெரியும். மன்றம்னா கவுன்சில் தான். 'மன்றத்தின் பார்வைக்கு'ன்னு முடிஞ்சா சும்மா தகவல். 'மன்றத்தின் முடிவுக்கு'ன்னு இருந்தா இனிமே தான் வேல. 'பின்னேற்பு'ன்னு இருந்தா வேல முடிஞ்சி போச்சு, செலவும் ஆயிடுச்சு, இப்ப சரின்னு சொன்னா போதும்னு அர்த்தம். கோடை காலத்து அஜெண்டாவ எடுத்து பாருங்க, பின்னேற்பு தான் நெறைய இருக்கும். அது எல்லாமே தப்புன்னு சொல்ல மாட்டேன். பங்குனி வெயில்ல பாலாறு வெறும் மணலா கெடக்கும், போர்ல நீர்மூழ்கி மோட்டார் எரிஞ்சி போவும், தெருவுல குடத்த வெச்சிக்கினு நிக்கிற பொம்பளைங்ககிட்ட போயி கூட்டம் அடுத்த மாசம் 28ஆம் தேதிம்மான்னு சொல்ல முடியுமா? அதனால அவசரம் கருதி தலைவரோட முன் அனுமதி வாங்கி வேலைய முடிச்சிட்டு அப்பால மன்றத்துக்கு கொண்டு வருவாங்க. முறை தான்.

சிக்கல் எங்க வருதுன்னா, நான் மினிட்ஸ் எழுதின ஒரு கூட்டம் சொல்றேன். பொருள் எண் 34. ஒரு வார்டுல மோட்டார் காயில் எரிஞ்சத கட்டின செலவு, பின்னேற்புக்கு. கவுன்சிலர் ஒருத்தர், லுங்கி தறி ஓட்றவரு, பெருசா பேசவே மாட்டாரு, ஆனா பழைய அஜெண்டா ஒண்ணு விடாம பாவு நூல்ல கட்டி மஞ்சப்பையில வெச்சிருப்பாரு. அன்னிக்கு பையோட எழுந்து நின்னாரு. 'தலைவரே, இதே மோட்டாரு பங்குனில ஒரு தடவ எரிஞ்சிக்கீது, வைகாசில ஒரு தடவ எரிஞ்சிக்கீது, இப்ப ஆவணிலயும் எரிஞ்சிக்கீது, இது மோட்டாரா, இல்ல கற்பூரமா?' ஹால் பூரா சிரிப்பு. சிரிப்பு அடங்கினப்புறம் மூணு அஜெண்டாவயும் மேசை மேல பரப்பி வெச்சாரு, மூணுலயும் அதே போர், அதே இடம். தனித்தனி மாசத்துல வந்ததால யார் கண்ணுலயும் படல, எழுதின எனக்கே படல, அது எனக்கு இன்னி வரைக்கும் வெக்கம். பொருள ஒத்தி வெச்சாங்க. பொறியாளர் நேர்ல போயி பாத்தா, போர்ல தண்ணி கீழ எறங்கி மோட்டார் வெறுமனே ஓடிக்கினு இருந்திருக்கு, தண்ணி இல்லன்னா தானா ஆஃப் ஆவுற டிரை ரன் ப்ரிவென்டர் ஸ்டார்ட்டர்ல போடவே இல்ல. அத மாட்டினப்புறம் அந்த மோட்டார் பேரே அஜெண்டாவுல வரல.

கேள்வி: நான் ஒரு சாதாரண குடும்பத்தலைவி, கவுன்சில் கூட்டத்த நேர்ல பாக்க முடியுமா? வீட்டுக்காரர் கவுன்சிலரும் பிரஸ்ஸும் மட்டும் தான் போலாம்ங்கிறாரு. (குடியாத்தம் வாசகி)

பதில்: அவர்கிட்ட பந்தயம் கட்டுங்கம்மா. கூட்டம் பொதுமக்கள் பாக்கிறதுக்கு தொறந்தது தான், ஏதாச்சும் காரணத்துக்காக தலைவர் வெளிய இருங்கன்னு சொன்னா தான் வெளிய. பேச முடியாது, கை தட்ட முடியாது, இடம் இருந்தா உக்காந்து பாக்கலாம். கேட்ல நிக்கிற ஆளு 'இன்னாம்மா விஷயம்'னு கேப்பாரு, கூட்டம் பாக்க வந்தேன்னு சொன்னா அவரே ஒரு நிமிஷம் திகைச்சிடுவாரு, ஏன்னா யாரும் வர்றதில்ல. என் சர்வீஸ்ல அப்படி வந்து உக்காந்தவங்க ஒரே ஒரு ரிட்டயர்டு வாத்தியார், அவரும் ஃபேன் காத்துக்கு வந்தாரோன்னு எனக்கு சந்தேகம்.

கேள்வி: 2016லேர்ந்து 2022 வரைக்கும் கவுன்சிலரே இல்லியே, அப்போ யாரு சார் தீர்மானம் போட்டது? (ஆம்பூர் வாசகர்)

பதில்: ஆஹா, நல்லா ஞாபகப்படுத்தினீங்க. 2011ல ஜெயிச்சவங்க காலம் 2016 அக்டோபரோட முடிஞ்சிது, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19. மார்ச் 2 அன்னிக்கு தான் புது கவுன்சிலருங்க பதவி ஏத்தாங்க, 4ஆம் தேதி தலைவர் தேர்தல். நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல மன்றத்துக்கு பதிலா ஆணையாளர் தான் தனி அலுவலர். ஆணையாளரா ஒரு குறிப்பு எழுதுவாரு, தனி அலுவலரா அத படிச்சி அனுமதி குடுப்பாரு, கீழ ரெண்டு இடத்துல ஒரே கையெழுத்து. மினிட்ஸ் எழுதுறவனுக்கு அத மாதிரி சொகமான காலம் வராது, சத்தம் இல்ல, வெளிநடப்பு இல்ல, ஒத்திவைப்பு இல்ல. மஞ்சப்பைய தூக்கிக்கினு வந்து கற்பூரமான்னு கேக்கவும் ஆள் இல்ல.

கேள்வி: எங்க தெருவுல கால்வாய் இல்லாம சாக்கடை வீட்டு வாசல்ல நிக்குது. கவுன்சிலர கேட்டா ஒரு வருஷமா 'மன்றத்துல பேசிட்டேன், மினிட்ஸ்ல ஏத்தியாச்சு' அப்டின்றாரு. நம்பலாமா? (ஊர் பேர் போட வேணாம்னு எழுதின தம்பி)

பதில்: தம்பி, அவரு பேசியிருப்பாரு, பொய் சொல்றாருன்னு நான் சொல்லல. ஆனா பேசுறது வேற, பொருளா வர்றது வேற. கூட்டத்துல எழுந்து நின்னு அரை மணி நேரம் கத்தினாலும் மினிட்ஸ்ல 'உறுப்பினர் கோரிக்கை விடுத்தார், ஆவன செய்யப்படும் என தலைவர் தெரிவித்தார்'னு ஒத்த வரில எழுதிட்டு போயிடுவோம். ஆவன செய்யப்படும்ங்கிற வார்த்தைய நான் எத்தன ஆயிரம் தடவ எழுதியிருப்பேன்னு கணக்கு இல்ல, எழுதினதுல எத்தன நடந்துச்சுன்னு கேக்காத.

அதனால அடுத்த தடவ அவர பாக்கும்போது சண்ட போடாம ஒண்ணே ஒண்ணு கேளு: 'அண்ணா, தீர்மான எண் இன்னா, தேதி இன்னா?' எண் இருந்துச்சுன்னா விஷயம் நகருது. முதல்ல எஸ்டிமேட் போடணும், அதுக்கு நிர்வாக அனுமதி, நிதி எந்த தலைப்புலன்னு முடிவு, அப்புறம் டெண்டர், அந்த டெண்டர் விகிதத்த மன்றம் ஏத்துக்கணும், அப்புறம் வேலை உத்தரவு. இதுல எந்த படிக்கட்டுல நிக்குதுன்னு தெரிஞ்சா தான் யார போயி கேக்கணும்னே தெரியும். எண் இல்லன்னா தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடு, பத்து ரூபா தான், பொதுத் தகவல் அலுவலர் 30 நாள்ல பதில் தரணும். மனுவுல 'ஏன் போடல'ன்னு கேக்காத, அதுக்கு பதில் வராது. 'இன்ன தெரு கால்வாய் சம்பந்தமா இன்ன மாசத்துலேர்ந்து இன்ன மாசம் வரைக்கும் மன்றத்துல வெச்ச பொருள், தீர்மானம் நகல் வேணும்'னு கேளு. இல்லன்னா இல்லன்னு எழுதி தான் ஆவணும், அந்த பேப்பரே போதும் கவுன்சிலர் வீட்டு வாசல்ல காட்ட.

இன்னொரு வழியும் கீது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துலேர்ந்து நகராட்சிலயும் பகுதி சபா நடத்துறாங்க, கிராம சபா மாதிரி தான், அங்க நீயே எழுந்து பேசலாம். பேசிட்டு வந்துடாத, எழுதிக் குடுத்து பதிவு பண்ணாங்களான்னு நின்னு பாத்துட்டு வா. தெருக்காரங்க சேந்து காசு போட முடியும்னா நமக்கு நாமே திட்டம் இருக்கு, மூணுல ஒரு பங்கு மக்கள் போட்டா மீதிய அரசு போடும். ஆனா வரி கட்டிட்டு சாக்கடைக்கும் நாமளே ஏன் காசு போடணும்னு நீ கேட்டா அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

கேள்வி: எங்க வார்டு கவுன்சிலர் ஒரு அம்மா, ஆனா எதுக்கு போனாலும் வீட்டுக்காரர் தான் பேசறாரு, கூட்டத்துக்கும் அவரே வர்றாராம். இது சட்டமா? (பேர் வேணாம்)

பதில்: சட்டம் இல்ல. மன்றத்துக்குள்ள உறுப்பினர தவிர யாரும் உறுப்பினர் சீட்ல உக்கார முடியாது, பாக்கிறவங்க இடத்துல வேணா உக்காரலாம். தமிழ்நாட்டு உள்ளாட்சில பெண்களுக்கு பாதி இடம்னு 2016ல சட்டம் ஆச்சு, 2022 தேர்தல்ல பாதி வார்டு அவங்களுக்கு வந்துச்சு. வந்தப்புறமும் வீட்டுக்கார 'சார்' தான் விசிட்டிங் கார்டு அடிச்சிக்கினு சுத்தறாரு.

ஆனா ஒரே அடியா முடிவு பண்ணாதீங்க. என் காலத்துல பழைய கவுன்சில்ல ஒரு அம்மா இருந்தாங்க, பீடி சுத்தற வேல, முதல் ஆறு மாசம் வீட்டுக்காரர் வாசல்ல நின்னு சைகை காட்டுவாரு, அந்தம்மா அத பாத்து கை தூக்குவாங்க. ஒரு நாள் குப்ப வண்டி டயர் செலவு வந்துச்சு. நாலு டயருன்னு போட்டிருந்தாங்க. அந்தம்மா அஜெண்டாவுலேர்ந்து தலைய தூக்காமலே, 'எங்க தெருவுக்கு வர்ற வண்டிக்கு மூணு சக்கரம் தானேங்க'ன்னாங்க. வாசல்ல நின்னவரு சைகைய நிறுத்திட்டாரு. பீடிய ஆயிரக்கணக்குல எண்ணி கட்டுற கைக்கு டயர் எண்ண தெரியாதா?

கேள்வி: வாலாஜாபேட்டை தான் முதல் நகராட்சின்னு எங்க தாத்தா சொல்லுவாரு, நெசமா? (வாலாஜா வாசகர்)

பதில்: நெசம் தான், 1866. நவாப் முகமது அலி வாலாஜா பேர்ல இருக்கிற ஊரு, தமிழ்நாட்டுல முதல் நகராட்சின்னு பேரு வாங்கினது. இப்ப ராணிப்பேட்டை மாவட்டம். தாத்தாகிட்ட சொல்லுங்க, 2019ல மாவட்டம் பிரிஞ்சாலும் பெரும போவல.

கேள்வி: சொத்து வரி ஏத்துனது கவுன்சிலருங்களா, கவர்மெண்ட்டா? தள்ளுபடி எதாச்சும் கீதா? (பேரணாம்பட்டு வாசகர்)

பதில்: ரெண்டு பேரும். 2022ல அரசு உத்தரவு போட்டுச்சு, நகராட்சில 600 சதுர அடி வரைக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,800க்கு மேல போனா 100 சதவீதம்னு உயர்வு. அத மன்றத்துல தீர்மானமா வெச்சாங்க, உத்தரவு வந்தப்ப கவுன்சிலருங்க பதவி ஏத்து ஒரு மாசம் கூட ஆகல, மாலை வாடறதுக்குள்ள வரி. தள்ளுபடி உண்டு: ஏப்ரல் 30க்குள்ள முதல் அரையாண்டு, அக்டோபர் 31க்குள்ள ரெண்டாவது அரையாண்டு கட்டினா 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபா. கடைசி நாள் வரைக்கும் இருக்காதீங்க, சர்வர் படுத்துடும்.

கேள்வி: வெளிநடப்பு பண்றவங்க அப்புறம் எங்க போறாங்க? (ராணிப்பேட்டை கல்லூரி மாணவி)

பதில்: வராண்டாவுக்கு மா. அங்க பிரஸ்காரங்க இருப்பாங்க. ஆனா ஒண்ண கவனி, வெளிய போறதுக்கு முன்னாடியே வருகைப் பதிவேட்டுல கையெழுத்து போட்டிருப்பாங்க. தொடர்ந்து கூட்டத்துக்கு வராம இருந்தா பதவிக்கே ஆபத்து, அதோட 2023 ஜூலைலேர்ந்து நகராட்சி கவுன்சிலருக்கு மாசம் 5,000, தலைவருக்கு 15,000 மதிப்பூதியம். நியாயமான வெளிநடப்பும் உண்டு, நான் இல்லன்னு சொல்லல, குடி தண்ணி கலங்கலா வருதுன்னு பாட்டில்ல புடிச்சிக்கினு வந்து மேசைல வெச்சிட்டு போனவங்கள நானே பாத்திருக்கேன், அந்த பாட்டில கூட்டம் முடியிற வரைக்கும் யாரும் தொடல.

மத்ததெல்லாம் எப்பிடின்னா, ஒரு தடவ முப்பது பேர்ல ஒன்பது பேரு கோஷம் போட்டுக்கினு வெளிய போனாங்க, நானும் மினிட்ஸ்ல 'வெளிநடப்பு செய்தனர்'னு எழுதிட்டேன். அடுத்த மாச அஜெண்டாவுல அந்த கூட்டத்து டீ, போண்டா செலவு பின்னேற்புக்கு வந்துச்சு. முப்பது டீ, முப்பது போண்டா. அந்த ஒரு பொருளுக்கு மட்டும் எந்த பக்கத்துலேர்ந்தும் ஆட்சேபன வரல.