பயனும் கேடும் இல்லாத மரபணு மாற்றம் ஓர் இனம் முழுக்கப் பரவுவது எப்படி?

இயற்கை தேர்ந்தெடுக்காத ஒன்று எப்படி ஜெயிக்கும் என்பதுதானே உங்கள் சந்தேகம்? குலுக்கல்தான் காரணம்.

எங்கள் நாஞ்சில் நாட்டுக் குளம் ஒன்றில் 50 கெண்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள்; மொத்தம் 100. அதில் ஒரு பிரதியில் எழுத்துப்பிழை மாதிரி ஒரு மாற்றம். மீனுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. எந்த மீனை வலை அள்ளும், எதைக் கொக்கு கொத்தும் என்பது அதிர்ஷ்டம். அதனால் அந்தப் பிரதி தலைமுறைக்குத் தலைமுறை கூடும், குறையும். பெரும்பாலும் அழிந்தே போகும். ஆனால் 100-ல் 1 வாய்ப்பில் மற்ற எல்லாப் பிரதிகளையும் தள்ளிவிட்டுத் தானே நிலைக்கும். கோடையில் குளம் வற்றிப் பத்துப் பன்னிரண்டு மீன்கள் மட்டும் மிஞ்சினால் ஏற்ற இறக்கம் இன்னும் பலமாக இருக்கும்.

சரி, 5,000 மீன் என்றால்? வாய்ப்பு 10,000-ல் 1 ஆகிவிடும். ஆனால் புதிய மாற்றங்களும் 100 மடங்கு தோன்றுமே! இரண்டும் சரிக்குச் சரி. ஆக, இப்படிப்பட்ட மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிலைபெறும் வேகம் இனத்தில் எத்தனை உயிர்கள் என்பதைப் பொறுத்ததல்ல, ஒரு பிரதியில் மாற்றம் தோன்றும் வேகத்துக்கே சமம். மரபணுவில் நிலைத்த மாற்றங்களில் பெரும்பாலானவை இப்படிக் குலுக்கலில் வந்தவையே என்னும் நடுநிலைக் கோட்பாட்டை 1968-ல் முன்வைத்த ஜப்பானியர் மோட்டூ கிமுரா காட்டிய கணக்கு இது; எனக்கு இன்றும் வியப்புதான்.