செருப்பு நழுவுகிறதா என்று பாருங்கள்

இந்த ஊசியால் அப்பாவுக்கு அல்சைமர் வராது. மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குப் போடும் போர்டெசோமிப், கெட்ட புரதத்தை அகற்றும் வேலையையே நிறுத்திவிடும், அது மூளையில் சேரும் என்று யூடியூபில் பார்த்துவிட்டு அம்மாப்பேட்டையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அரைகுறை உண்மையைச் சொல்லி ஆளைப் பயமுறுத்துகிறார்கள்.

சரியாக மடியாத புரதத்தின் மேல் செல், யுபிக்விடின் என்ற சின்னப் புரதத்தைச் சங்கிலியாக ஒட்டும். பொதுவாக நாலு கண்ணி சேர்ந்ததும், செல்லுக்குள் கழிவை நறுக்கும் புரோட்டியசோம் அதைப் பிடித்து, மடிப்பைப் பிரித்து, உள்ளே இழுத்து நறுக்கிவிடும். யுபிக்விடின் கழன்று மறுபடி பயன்படும். இதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது. போர்டெசோமிப், நறுக்கும் இடத்தைக் கொஞ்ச காலம் அடைக்கிறது. மைலோமா செல் ஓயாமல் ஆன்டிபாடி என்ற நோய் எதிர்ப்புப் புரதம் செய்வது. கழிவு தேங்கினால் முதலில் அதுதான் சாகும். மூளையை ரத்தத்திலிருந்து பிரிக்கும் காப்புத் தடுப்பைத் தாண்டி இந்த மருந்து சரியாக நுழைவதே இல்லை.

கை கால் நரம்புகளுக்கு அந்தக் காப்பு கிடையாது. கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, "உள்ளங்கால் மதமதங்குது" என்று, எனக்குக் கவலை அதுதான். இன்றே பாருங்கள்: செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறாரா? சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறாரா? தறியில் அறுந்த இழையை விரல் உணர்ந்து முடிச்சுப் போடுகிறதா? ராத்திரி போர்வை பட்டாலே பாதம் எரிகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், இழை விரலுக்குத் தெரியவில்லை என்றாலும், அடுத்த ஊசிக்கு முன்பே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால், உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 1.3 மி.கி. என்ற அளவை 1.0 ஆகக் குறைப்பார். வலியும் சேர்ந்து அன்றாட வேலை கெட்டால் நிறுத்திவைத்து, தணிந்தபின் 0.7இல் வாரம் ஒருமுறை தொடங்குவார். ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள் என்றால், தோலுக்கடியில் போட முடியுமா என்று கேளுங்கள், பாதிப்பு குறையும். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் தேறும். நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள்.

மருந்துக்கடையில் "நரம்புச் சத்து" மாத்திரை வாங்கித் தருவதை விடுங்கள். அதில் இருக்கும் வைட்டமின் பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். கிரீன் டீயும் வைட்டமின் சி மாத்திரையும் வேண்டாம். ஆய்வுக்கூடச் சோதனைகளில் இரண்டும் இந்த மருந்தில் இருக்கும் போரான் என்ற தனிமத்தோடு ஒட்டி அதை முடக்கியிருக்கின்றன. சாப்பாட்டில் எலுமிச்சை, ஏற்காட்டுக் காபி, தாராளமாக. கால்வலிக்கு டைக்லோஃபெனாக் மட்டும் கூடவே கூடாது. மைலோமாக்காரருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறது.