டம்மியைக் கண்டால் குட்டி துள்ள வேண்டும்: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: வீசிய டம்மியை ஓடிப்போய் எடுத்து வரும் ஆசையை இளம் நாய்க்கு எப்படி ஊட்டுவது? புதிதாக வருபவர்களுக்காக ஒரு வரி. டம்மி என்பது உருளையாகத் தைத்து உள்ளே அடைத்த கான்வாஸ் பை. ஒரு முனையில் வீசுவதற்குக் கயிறு இருக்கும். வேட்டைப் பறவைக்குப் பதிலாக நாய் கவ்விப் பழகுவதற்கு வந்த சாமான்.

எத்தனை மாதத்தில் ஆரம்பிக்கலாம் சார்? என்ன எடையில் வாங்குவது?

8 வாரக் குட்டிக்கே ஆரம்பிக்கலாம். ஆனால் அப்போது டம்மி தேவையில்லை, முடிச்சுப் போட்ட பழைய சாக்ஸ் போதும். 3, 4 மாதம் ஆனதும் குட்டிகளுக்கென்றே வரும் கால் கிலோ டம்மி. அரை கிலோ டம்மி வளர்ந்த நாய்க்கு. குட்டி டம்மியோடு ஓடும்போது தலை நிமிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூக்கு தரையைப் பார்த்துத் தொங்கினால் பாரம் அதிகம்.

விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், கசங்கக் கூடாது. தொளதொளவென்று இருந்தால் கடித்து மென்று விளையாடத் தோன்றும். கட்டை மாதிரி இருந்தால் கவ்வவே மனம் வராது.

நிறமும் முக்கியம். நாயின் கண் நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகப் பிரிக்கும், சிவப்பையும் பச்சையையும் பிரிக்காது. நமக்குப் பளிச்சென்று தெரிகிற ஆரஞ்சு டம்மி புல்லில் விழுந்தால் அதற்கு மங்கல்தான். ஆரம்பத்தில் வெள்ளை வாங்குங்கள். ஆரஞ்சு, மூக்கால் தேடப் பழக்கும் காலத்துக்கு.

5 மாத லாப்ரடார் பெண் குட்டி. டம்மியை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள். இவளுக்கு ஆசையே இல்லையோ?

முதலில் வாயைத் திறந்து பாருங்கள். ஏறக்குறைய 4 மாதத்திலிருந்து 7 மாதம் வரை பால்பல் 28 விழுந்து 42 நிலைப்பல் வரும் காலம். ஈறு சிவந்து வீங்கியிருந்தாலோ, பல் ஆடிக்கொண்டிருந்தாலோ, டம்மியில் ரத்தப் பொட்டு தெரிந்தாலோ இரண்டு மூன்று வாரம் டம்மியைக் கண்ணில் காட்டாதீர்கள். வலியோடு கவ்வ வைத்தால் டம்மி என்றாலே வலி என்று மனதில் பதிந்துவிடும். அதை அழிக்க மாதக்கணக்கில் ஆகும்.

வாய் சரியாக இருந்தால், குறை நீங்கள் டம்மியைக் காட்டும் விதத்தில்தான். மூக்குக்கு நேரே நீட்டிய டம்மி செத்த பொருள். உயிருள்ள எதுவும் நாயின் வாயைத் தேடி வராது, விலகித்தான் ஓடும். டம்மியும் அப்படி ஓட வேண்டும். கயிற்றைப் பிடித்துத் தரையோடு சர்ரென்று இழுங்கள், நிறுத்துங்கள், திடீரென்று திருப்புங்கள், உங்கள் காலுக்குப் பின்னால் ஒளியுங்கள். அவள் காது முன்னால் வந்து, பின்பக்கம் தாழ்ந்து, பாயத் தயாராகும் நொடியில் 2 மீட்டர் தூரத்துக்கு உருட்டி விடுங்கள். உயரத் தூக்கி வீச வேண்டாம். துள்ளி எகிறிப் பிடித்து முறுக்கி விழுவது வளரும் மூட்டுக்கு ஆகாது.

இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தபின் பிடித்து நிறுத்தும் வேலை. மண்டியிட்டு, ஒரு கையை அவள் நெஞ்சுக்குக் குறுக்கே வையுங்கள். மற்றக் கையால் வீசுங்கள். உடனே விடாதீர்கள். அவள் முன்னால் தள்ளத் தள்ள உங்கள் உள்ளங்கையில் அந்த அழுத்தம் ஏறுவது தெரியும். உச்சத்துக்குப் போகும்போது கையை எடுத்துவிடுங்கள். அழுத்தம் தளர்ந்த பிறகு விட்டால் பயனில்லை. இதற்கு ஒன்றிரண்டு நொடிக்கு மேல் தேவைப்படாது.

ஒரு நாளைக்கு 20 தடவை வீசுகிறேன். முதல் பத்து அருமை, அப்புறம் பாதி வழியில் நின்றுவிடுகிறான்.

மூன்று போதும். சின்னக் குட்டிக்கு இரண்டே. மூன்றாவதை முதலாவதைவிட வேகமாக எடுத்தானென்றால், அந்த இடத்தில் டம்மியை உள்ளே வைத்துவிடுங்கள். "இன்னும் ஒன்று" என்று தோன்றும். அந்த இன்னும் ஒன்றுதான் எல்லாவற்றையும் கெடுக்கும். பசியோடு எழுந்த நாய்க்குத்தான் நாளைக்கும் ஆசை இருக்கும். தினமும் வேண்டாம், வாரத்தில் நான்கு நாள் தாராளம். மற்ற நேரம் டம்மி எட்டாத உயரத்தில் இருக்கட்டும். நாள் முழுக்கத் தரையில் கிடப்பது டம்மி இல்லை, தலையணை.

ஒரு முறை எடுக்காமல் நின்றுவிட்டால் மறுபடி வீசாதீர்கள், கெஞ்சாதீர்கள். நீங்களே குதூகலமாக ஓடிப்போய் எடுத்து, அவன் முன்னால் மேலே போட்டுப் பிடித்து விளையாடிவிட்டு உள்ளே வைத்துவிடுங்கள். நழுவிப்போன பொருள்மேல் நாய்க்கு வரும் பொறாமை நமக்கு நல்லது.

எடுக்கிறான் அண்ணா, ஆனால் கொண்டு வர மாட்டேன் என்கிறான். கிட்டே போனால் ஓட்டம். துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

துரத்துவதுதான் அவனுக்கு விளையாட்டே. நீங்கள் ஒவ்வொரு முறை துரத்தும்போதும் "வராமல் இருந்தால் வேடிக்கை அதிகம்" என்று கற்றுக்கொடுக்கிறீர்கள். இதோடு இன்னொரு தப்பும் கூடவே இருக்கும்: வந்ததும் வெடுக்கென்று டம்மியைப் பிடுங்குவது. வந்தால் பறிபோகும் என்று தெரிந்தவன் ஏன் வருவான்?

வீட்டுக்குள் நீளமான, குறுகிய இடத்துக்குப் போங்கள். கதவுகள் எல்லாம் சாத்தியிருக்க வேண்டும். நீங்கள் அவன் படுக்கைக்கு முன்னால், பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். நேருக்கு நேர் குனிந்து நிற்கும் மனிதன் குட்டிக்கு மிரட்டல். 3 மீட்டர் உருட்டுங்கள். எடுத்தவன் பரிசை எங்கே கொண்டு போவான்? தன் படுக்கைக்கு. அதற்கு வழியில் நீங்கள்.

வந்ததும் கை டம்மிக்குப் போகக் கூடாது. இதுதான் மொத்த வித்தையும். நெஞ்சையும் விலாவையும் தடவுங்கள், மெதுவாகப் பேசுங்கள். தலைமேல் கை வேண்டாம், தலையைக் குனிந்து டம்மியைக் கீழே போட்டுவிடுவான். பத்து நொடி வைத்திருக்கட்டும், பெருமைப்படட்டும். வாய் தானாகத் தளரும்போது தாடைக்கு அடியில் கை வைத்து, டம்மி கையில் விழும்போது "கொடு" என்று சொல்லுங்கள். முதல் சில முறை அதே டம்மியை அவனிடமே திருப்பிக் கொடுத்தால் இன்னும் நல்லது. கொடுத்தால் போய்விடாது என்ற நம்பிக்கை வந்துவிடும்.

வெளியே போனதும் 5 மீட்டர் லேசான கயிற்றை ஹார்னஸில் மாட்டித் தரையில் விடுங்கள். அது அவன் தப்பாமல் இருக்கத்தான், தூண்டிலில் மீனை இழுப்பதுபோல் இழுக்க அல்ல. அவன் டம்மியைக் கவ்வியதும் நீங்கள் எதிர்த்திசையில் ஓடுங்கள். பின்னாலேயே வருவான்.

பிஸ்கட் காட்டினால் பாதி தூரத்திலேயே டம்மியைத் துப்பிவிட்டு ஓடி வருகிறது.

கையில் சாப்பாட்டு வாசனை இருக்கும்வரை அப்படித்தான். பிஸ்கட்டை நிறுத்துங்கள். இரண்டாவதாக ஒரே மாதிரி டம்மி வைத்துக்கொண்டு, முதலாவது கைக்கு வந்ததும் அதை எதிர்ப்பக்கம் வீசுங்கள். ஓட்டமே கூலி. தீனி இல்லாமல் முடியவே முடியாது என்ற நாய்க்கு, டம்மி உங்கள் கைக்கு வந்த பிறகு பையிலிருந்து எடுத்துக் கொடுங்கள். முன்கூட்டிக் காட்டக் கூடாது.

கொண்டு வந்து என் முன்னாலேயே படுத்துக் குதறுகிறான்.

நின்றால்தான் மெல்வார்கள். ஓடிக்கொண்டே மெல்வது கஷ்டம், அதனால் அவன் திரும்பும்போது நீங்கள் பின்னால் நகர்ந்துகொண்டே இருங்கள். டம்மியை வைத்து இழுவிளையாட்டு வேண்டாம், வாய் இறுகிப் பழகிவிடும். இழுவைக்கு வேறு கயிறு வைத்துக்கொள்ளுங்கள். கீச்சென்று சத்தம் வரும் பொம்மையையும் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். அழுத்தினால் சத்தம் வரும் என்று அழுத்தி அழுத்தியே பழகும்.

வீட்டில் ராக்கெட். புல்வெளிக்குப் போனால் டம்மி எங்கே என்று தேடிவிட்டுத் திரும்பிவிடுகிறாள்.

ஆசை குறையவில்லை, தோல்விதான் சலிப்பாகிறது. குட்டியின் கண் தரைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள், நமக்குத் தெரியும் டம்மி அவளுக்குத் தெரியாது. முதலில் கட்டையாக வெட்டிய புல், 5 மீட்டர். காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்படி நின்று காற்றுக்கு எதிராக வீசுங்கள், கண் தவறினாலும் வாசனை அவளை நோக்கி வரும். புல்லின் உயரத்தைக் கூட்டும் நாளில் தூரத்தைக் குறையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள்.

வீசும் முன்பே குரைக்கிறான், குதிக்கிறான். ஆசை அதிகமாகிவிட்டதா?

ஆமாம், இங்கே பிரேக் தேவை. இரண்டில் ஒரு வீச்சை நீங்களே நடந்துபோய் எடுங்கள், அவன் கயிற்றில் கட்டியிருக்க, பார்க்கட்டும். குரைக்கும்போது எதுவும் வீசக் கூடாது. ஆனால் ஆசை சரியாக ஊறாத குட்டிக்கு இதைச் செய்தால் இருப்பதும் போய்விடும்.

இரண்டு நாய்களையும் ஒன்றாக வைத்து விளையாட்டலாமா?

ஒன்றாக ஓடவிடாதீர்கள். வேகமானது ஜெயிக்கும், மற்றது கைவிட்டுவிடும். ஒன்றைக் கட்டிவைத்து இன்னொன்று வேலை செய்வதைப் பார்க்க விடுங்கள். மந்தமான நாய்க்கு அதைவிட நல்ல மருந்து குறைவு.

தண்ணீரில் எப்போது வீசலாம்?

கரையில் 15 மீட்டர் தூரத்திலிருந்து தயங்காமல் கொண்டுவந்து கொடுத்த பிறகு. முதலில் கால் நனையும் ஆழம், பிறகு வயிறு, பிறகுதான் நீச்சல். மிதக்கும் டம்மியா என்று முன்பே போட்டுப் பாருங்கள். கரையேறியதும் டம்மியைக் கீழே போட்டு உதறும். அதனால் ஆரம்பத்தில் தண்ணீரின் விளிம்பிலேயே நின்று, உதறுவதற்கு முன் வாங்கிவிடுங்கள். நீந்தும்போது வாய் திறந்தே இருப்பதால் நிறையத் தண்ணீர் உள்ளே போகும். அளவு மீறினால் உடம்பில் உப்பு நீர்த்து உயிருக்கே ஆபத்தாகலாம், எனவே இங்கும் மூன்று வீச்சுதான். தள்ளாட்டமோ வாந்தியோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். நனைந்த கான்வாஸை அன்றே காயப்போடுங்கள், பூஞ்சை பிடித்ததை அடுத்த வாரம் நாய் கவ்வாது.